செம்மேட்டிலிருந்து கடலடிக்கு

கொல்லிமலையின் அடிவாரத்தில், காரவள்ளியில் பேருந்து முதல் கியருக்கு மாறும் சத்தம் உனக்குத் தாலாட்டு மாதிரி. மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். புதிதாக வருகிறவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் சாய்வார்கள். நீயோ காலடியில் பலாப்பழத்தை உருளாமல் அணைத்துவைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டே வருவாய். மேலே செம்மேட்டில் வந்து இறங்கும்போது நீ ஏறியிருப்பது ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம். நூல் பிடித்துத் தொங்கவிட்டால் ஒரு கிலோமீட்டர்.

அந்த ஒரு கிலோமீட்டரைத் தண்ணீரால் நிரப்பிப் பார். செம்மேட்டு உயரத்தில் ஒரு கப்பல் மிதக்கிறது. காரவள்ளிதான் கடலின் தரை. கப்பலில் இருப்பவர்கள் அங்கிருந்து ஒரு வலையை இறக்க வேண்டும். இருட்டுக்குள், அடிவாரத் தரையில், அந்த வலை வாயைத் திறந்து நிற்க வேண்டும். கண்ணால் ஒருமுறைகூடப் பார்க்காமல் அதை மணிக்கணக்காக இழுத்துப் போக வேண்டும். ஆழ்கடல் இழுவலை என்பது இதுதான். சமவெளிக்காரனுக்கு ஆயிரம் மீட்டர் ஆழம் என்பது புத்தகத்தில் உள்ள எண். உனக்கு அது தினமும் பார்க்கிற காட்சி.

பிறகு ஏன் பயப்படுகிறாய்?

ப்ளஸ் டூ முடித்த ஒரு பெண்ணைச் செம்மேட்டுப் பேருந்து நிறுத்தத்தில் சந்தித்தேன். உயிரியலில் நல்ல மதிப்பெண். மீன்வளப் படிப்புக்கு விண்ணப்பிக்கட்டுமா என்று வீட்டில் கேட்டிருக்கிறாள். "மலைமேல பொறந்துட்டு மீன் படிப்பா? கடலைக் கண்ணுல பாத்திருக்கியா கண்ணு?" என்று சித்தப்பா சிரித்தாராம். வீடே சிரித்ததாம். விண்ணப்பத் தேதி முடிந்துபோயிற்று. அந்தச் சிரிப்பு என்னைச் சுட்டது. அதைவிட அதிகமாகச் சுட்டது, எல்லாம் சொல்லி முடித்துவிட்டு அவள் சேர்த்துச் சொன்னது: "அவர் சொல்றதும் சரிதானுங்களே."

சரியில்லை, தங்கச்சி. துளிகூடச் சரியில்லை. அன்றைக்குப் பேருந்து வந்துவிட்டதால் பாதியில் விட்ட பதிலை இங்கே முழுதாக எழுதுகிறேன். உனக்கும், உன்னைப் போல "நமக்கெதுக்கு" என்று கதவை உள்ளிருந்தே சாத்திக்கொள்ளும் ஒவ்வொரு பிள்ளைக்கும்.

முதலில், வலை கடலில் பிறப்பதில்லை. தாளில் பிறக்கிறது. தையற்காரர் சட்டைக்குத் துணி வெட்டுவது போலத்தான் அதுவும். இரண்டு பக்கமும் நீளும் சிறகுகள், முதுகுத் துண்டு, வயிற்றுத் துண்டு, கடைசியில் மீன் போய்ச் சேரும் பை. நம் கடற்கரையில் மடி என்பார்கள். இரட்டைமடி, சுருக்குமடி என்று செய்தித்தாளில் படித்திருப்பாய். ஒவ்வொரு துண்டிலும் எத்தனை கண்ணி, எந்த வரிசையில் எத்தனை கண்ணி குறைய வேண்டும், எந்தச் சாய்வில் வெட்ட வேண்டும் என்று கணக்குப் போட்டு வெட்டி, ஊசி கோத்துப் பின்னி இணைப்பார்கள். வாயின் மேல்கயிற்றில் மிதவைகள். கீழ்க்கயிற்றில் சங்கிலியோ ஈயமோ. இரு பக்கமும் கதவு போல இரண்டு பலகைகள். படகு இழுக்கும்போது தண்ணீர் மோதி அந்தப் பலகைகளை வெளிப்பக்கம் தள்ளும், வலையின் வாய் விரியும். பட்டம் விட்டிருக்கிறாய் அல்லவா? காற்று பட்டத்தை மேலே தூக்குகிற அதே விசைதான் அங்கே தண்ணீருக்குள் பக்கவாட்டில் வேலை செய்கிறது.

ஆழம் கூடக்கூடக் கணக்கு கடுமையாகும். பத்து மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. ஆயிரம் மீட்டரில் நூறு மடங்கு. உன் கட்டைவிரல் நகமளவு இடத்தின் மேல் ஏறத்தாழ 100 கிலோ. ஐம்பது கிலோ காப்பி மூட்டை இரண்டை ஒரு நகத்தின் மேல் அடுக்கியதாக நினைத்துக்கொள். கரையோர வலைக்குக் கட்டும் சாதாரண பிளாஸ்டிக் மிதவை அங்கே நசுங்கிவிடும். மிதவை நசுங்கினால் மேல்கயிறு தொய்யும், வாய் மூடும். மேலே இருப்பவர்களுக்கு எதுவும் தெரியாது. டீசலை எரித்து மணிக்கணக்காக இழுத்து, வெறும் வலையைத் தூக்குவார்கள். அதனால்தான் ஆழத்துக்கென்றே தடித்த மிதவைகள், அலுமினிய மிதவைகள். நைலான் கடல்நீரைவிடக் கனம், மூழ்கும். பாலிஎத்திலீன் லேசு, மிதக்கும். எந்தத் துண்டுக்கு எந்த நூல் என்பதை இதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கம்பியும் ஆயிரம் மீட்டர் போதாது. படகு ஓடிக்கொண்டே இருப்பதால் கம்பி சாய்ந்துதான் இறங்கும். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் விட வேண்டியிருக்கும். நம் மலைப்பாதை நேராக இறங்க முடியாமல் நீண்டு நீண்டு போகிறதே, அந்த நியாயம்தான். இன்னொன்று: இழுக்கும் வேகத்தை இரண்டு மடங்காக்கினால் தண்ணீரின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அந்த நான்கு மடங்கும் டீசல் செலவில் வந்து நிற்கும்.

இத்தனை சொன்னேனே, இதில் எந்த வரியில் "கடற்கரையில் பிறந்திருக்க வேண்டும்" என்ற விதி வருகிறது? இருப்பதெல்லாம் இயற்பியல். இருப்பதெல்லாம் நீ பள்ளியில் படித்த கணக்கு.

கடலோர மக்களின் அனுபவத்தை நான் குறைத்துப் பேசவில்லை. குமரி மாவட்டத்துத் தூத்தூர்க்காரர்கள் கரையை விட்டு வாரக்கணக்கில் விலகி நின்று ஆழ்கடலில் சுறா பிடித்தவர்கள். நீரோட்டத்தையும் காற்றையும் படிக்கும் அவர்கள் அறிவு எந்தக் கல்லூரியிலும் முழுதாகக் கிடைக்காது. அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து நீ கற்க வேண்டியது மலையளவு இருக்கிறது. ஆனால் கற்க வந்தவளை "எந்த ஊரு?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியது அவர்கள் இல்லை. உன்னைத் திருப்பி அனுப்பியது உன் வீட்டுத் திண்ணை. அதற்குத் தலையாட்டியது நீ.

இப்போது சோதனைக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

ஒரு பெரிய வலையைப் பின்னி நேராகக் கடலில் இறக்கிச் சோதித்தால், அது தவறும்போது இலட்சக்கணக்கில் பணம் போகும். அதனால் முதலில் சின்னதாகச் செய்து பார்க்கிறார்கள். இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஐம்பது மீட்டர் வலையை இரண்டு மீட்டராகச் சுருக்கினால் நூலையும் அதே அளவில் சுருக்க வேண்டுமே? நூல் தலைமுடி போல மெலிந்துவிடும், பின்னவே முடியாது. 1934இல் ஜப்பானிய அறிஞர் மொரிசபுரோ தவுச்சி இதற்கு வழி சொன்னார். வலையின் மொத்த நீளத்துக்கு ஒரு சுருக்க அளவு. கண்ணிக்கும் நூலுக்கும் வேறொரு சுருக்க அளவு. நூலின் தடிமனுக்கும் கண்ணிக்கும் உள்ள விகிதம் மட்டும் மாறக் கூடாது. அப்படிச் செய்த பொம்மை வலை, தொட்டியில் எப்படி நடந்துகொள்கிறதோ அதிலிருந்து பெரிய வலை கடலில் எப்படி நடந்துகொள்ளும் என்று கணக்கிடலாம். இன்றும் வலை சோதிப்பவர்கள் அந்த வழியை எடுத்தாளுகிறார்கள்.

கனடாவின் நியூபவுண்ட்லாந்தில், செயின்ட் ஜான்ஸ் நகரக் கடல்சார் கல்வி நிலையத்தில் இதற்கென்றே ஒரு தொட்டி இருக்கிறது. நீளம் 22 மீட்டர், அகலம் 8 மீட்டர், ஆழம் 4 மீட்டர். அங்கே வலை ஓடாது, தண்ணீர் ஓடும். ஆற்றில் நட்ட கம்பில் சேலை மாட்டிக்கொண்டால் எப்படி விரிந்து ஆடுமோ, அப்படி வலை நின்ற இடத்தில் நின்று ஆடும். பக்கச் சுவரில் கண்ணாடி. வாய் எவ்வளவு திறக்கிறது, வயிற்றுத் துண்டு எங்கே தொய்கிறது, பலகை எந்தக் கோணத்தில் சாய்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்க்கலாம். டென்மார்க்கின் ஹிர்ட்ஷால்ஸிலும் இப்படி ஒரு தொட்டி உண்டு. ஆயிரம் மீட்டர் ஆழத்து வலை முதலில் நான்கு மீட்டர் தண்ணீரில்தான் தன் குற்றங்களை ஒப்புக்கொள்கிறது.

தொட்டியில் தேறிய வலை கடலுக்குப் போகும். அங்கே நடக்கும் சோதனையைச் சொன்னால் உன் பாட்டி "இதைத்தானே நான் செய்யறேன்" என்பார்.

பாட்டி சாமை குத்துவதைப் பார்த்திருப்பாய். உரலில் குத்தி, முறத்தில் புடைத்து, சல்லடையில் சலிப்பார். எந்தத் தானியத்துக்கு எந்தச் சல்லடை என்று கை தானாகப் போய் எடுக்கும். சலித்த பிறகு மேலே நிற்பதை மட்டும் அவர் பார்ப்பதில்லை. கீழே விழுந்ததையும் ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் பரப்பி, வெளிச்சத்தில் காட்டிப் பார்ப்பார். நல்ல அரிசி நழுவியிருந்தால் சல்லடையை மாற்றுவார். இழுவலையிலும் அதேதான். மீன் சேரும் மடிக்கு வெளியே, இன்னும் நுண்ணிய கண்ணி உள்ள ஓர் உறைவலையைப் போர்த்துவார்கள். மடியிலிருந்து தப்பும் குஞ்சுகள் உறையில் சேரும். வலை மேலே வந்ததும் சிக்கியதையும் தப்பியதையும் தனித்தனியாக, ஒவ்வொரு மீனாக, அளவுகோலில் வைத்து எழுதுவார்கள். எந்த நீளத்தில் பாதி மீன் சிக்கி, பாதி மீன் தப்புகிறதோ அந்த நீளம்தான் அந்த வலையின் ஜாதகம். எத்தனை மூட்டை மீன் வந்தது என்று கரையில் எல்லாரும் எண்ணுவார்கள். தப்பியதை எண்ணுகிறவர்தான் வலை வடிவமைப்பாளர்.

குஞ்சு தப்புவதும் சிக்குவதும் கண்ணியின் வடிவத்தில் இருக்கிறது. அதைப் பார்க்க, கடையில் வெங்காயம் வரும் சிவப்பு வலைப்பையில் ஒன்றை எடு. நன்றாகத் தெரிகிற கண்ணி உள்ளதாகப் பார்த்து எடு. இரண்டு முனைகளையும் பிடித்து இழு. சாய்சதுரமாக இருந்த கண்ணிகள் ஒட்டிக் கோடு கோடாகிவிடும். இழுவலையின் மடியிலும் இதுதான் நடக்கிறது. கண்ணி பெரிதாக வைத்திருப்பார்கள், மீன் கனத்தில் வலை நீளும்போது அது மூடிக்கொள்ளும், குஞ்சு மீன் தப்ப வழியிருக்காது. ப்ளஸ் ஒன் முக்கோணவியலைக் கொண்டு நீயே கணக்கிடலாம். கண்ணியின் அகலம், அதை முழுக்க இழுத்த நீளத்தில் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டால், அது திறக்கக்கூடிய அதிகபட்சப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குகூடத் திறந்திருக்காது. இப்போது அதே பையை 45 பாகை திருப்பி வெட்டிப் பிடித்து இழு. கண்ணி சதுரமாக நிற்கும், மூடாது. சதுரக் கண்ணி மடி என்று உலகம் முழுக்கப் பரிந்துரைக்கும் சீர்திருத்தம் இவ்வளவுதான். வலையைத் திருப்பி வைத்தார்கள், கோடிக்கணக்கான குஞ்சு மீன்களுக்கு வாசல் திறந்தது. உன் அடுப்பங்கரையில் நின்று நீ இதைச் செய்து பார்க்கலாம் என்றால், "எனக்கெல்லாம் எட்டாது" என்று எந்த வாயால் சொல்வாய்?

பெரிய பட்டம் வாங்கியவர்களால்தான் முடியும் என்கிறாயா? சிங்கி பூன் யாரென்று தேடிப் படி. அமெரிக்காவின் ஜார்ஜியா கடற்கரையில் இறால் பிடித்துப் பிழைத்தவர். அவர் வலையில் இறாலைவிடச் சொறிமீன் அதிகமாக அடைந்துகொண்டது. 1960களின் பிற்பகுதியில் அவர் வலைக்குள் சாய்வாக ஒரு கம்பிச் சட்டத்தைப் பொருத்தினார். இறால் கம்பிகளின் இடையே நுழைந்து மடிக்குப் போகும். சொறிமீன் சட்டத்தில் மோதிச் சறுக்கி, அங்கே வெட்டிய திறப்பு வழியாக வெளியே போகும். சொறிமீனுக்குச் செய்த சட்டம் கடலாமையையும் வெளியே விட்டது. அந்த யோசனையில் வளர்ந்த ஆமை விலக்கும் கருவிகளை 1987இல் அமெரிக்க அரசே இறால் படகுகளுக்கு விதியாக்கியது. 1996இல் அந்த விதி இறால் ஏற்றுமதி செய்யும் நாடுகள் மீதும் பாய்ந்தது. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகள் உலக வணிக அமைப்புக்கு வழக்கோடு போயின. ஒரு மீனவர் தன் படகுத் தளத்தில் பொருத்திய கம்பிச் சட்டம், நாடுகளை ஒரு மேசையில் உட்கார வைத்தது!

நம் நாட்டிலும் இந்த வேலை நடக்கிறது. கொச்சியில் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் 1957இல் தொடங்கியது. நம் கடலுக்கும் நம் படகுகளின் குதிரைத் திறனுக்கும் ஏற்ற இழுவலைகளை அங்கேதான் வரைந்தார்கள், பின்னினார்கள், இழுத்துப் பார்த்தார்கள், திருத்தினார்கள். இறாலையும் குஞ்சு மீனையும் வலைக்குள்ளேயே பிரிக்கும் அவர்களுடைய ஒரு கருவி, 2005இல் உலக இயற்கை நிதியத்தின் பன்னாட்டுப் போட்டியில் பரிசு பெற்றது. 1984இல் டென்மார்க்கில் கட்டிய சாகர் சம்பதா ஆய்வுக் கப்பல் நம் கடலின் ஆழ்சரிவுகளில் வலை இறக்கி, வெளிச்சம் எட்டாத இடத்து மீன்களைக் கொண்டுவந்து காட்டியது.

ஆனாலும் வேலை முடியவில்லை. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. முட்டையிடக் கரை தேடி வந்த தாய்கள். நுரையீரலால் மூச்சு விடும் உயிர் வலைக்குள் அடைபட்டு, மேலே வந்து மூச்சு வாங்க முடியாமல் போனால் மூழ்கித்தான் சாகும். அந்தப் படங்களைப் பார்த்து எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மீனவர் கைவிட்டுவிடாமல் விரும்பி மாட்டும்படியான ஒரு கம்பிச் சட்டம், இறாலை இழக்காமல் ஆமையை விடும் ஒரு சட்டம், நம் படகுக்கு நம் விலைக்கு வேண்டும். அதை யார் செய்வது? பாக் நீரிணையின் விசைப்படகுகளை ஆழ்கடல் தொழிலுக்கு மாற்ற 2017இல் திட்டம் வந்தது, ஒரு படகுக்கு 80 இலட்சம் ரூபாய் என்று கணக்கிட்டார்கள். பணம் படகைக் கொடுக்கும். ஆழத்துக்கேற்ற வலையும் தூண்டிலும் அறிவும் ஆட்களிடமிருந்துதான் வர வேண்டும்.

ஆழத்துக்குப் போகிறவர்களுக்குப் பொறுப்பும் கூடுதல். அங்கே குளிரிலும் இருட்டிலும் மீன்கள் மெல்ல வளர்கின்றன. ஆரஞ்சு ரஃபி என்ற ஆழ்கடல் மீன் நூறு வயதுக்கு மேலும் வாழும். அதைக் கண்டுபிடித்த நாடுகள் சில ஆண்டுகளிலேயே கூட்டம் கூட்டமாக வாரி, இருப்பைக் காலி செய்தன. 2016இல் ஐரோப்பிய ஒன்றியம் தன் கடலில் 800 மீட்டருக்குக் கீழே அடித்தள இழுவலையையே தடை செய்தது. எங்கே இழுக்கக் கூடாது என்று சொல்லும் துணிவும் இந்தத் தொழிலின் அறிவில் சேர்ந்ததுதான். கோயில் காட்டில் கோடரி வைக்காத உன் மலைக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

உன் ஊரில் மீன் இல்லையென்று யார் சொன்னது? அறப்பளீஸ்வரர் கோயிலின் தலவரலாறே மீனைப் பற்றியது. வெட்டிச் சமைத்த மீன்கள் ஒட்டிக்கொண்டு உயிர்பெற்று ஆற்றில் குதித்தன என்கிறது அது. இன்றும் பக்தர்கள் அங்கே மீனுக்குப் பொரி போடுகிறார்கள். அந்த மீன்களை நீ தொட வேண்டாம். ஆனால் ஓடும் தண்ணீரில் வலை எப்படி விரிகிறது என்று பார்க்க மீன் எதற்கு? மழைக்காலத்தில் உன் வீட்டுப் பக்கம் ஓடும் ஓடை போதும். அதுதான் உன் செயின்ட் ஜான்ஸ் தொட்டி.

கொல்லிமலை மேடைகளில் பேசுகிறவர்கள் எல்லாரும் வல்வில் ஓரியை இழுத்து வருவார்கள். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்தியவன் என்று கைதட்டல் வாங்குவார்கள். நானும் ஓரியை மதிக்கிறேன். ஆனால் அந்த ஓர் அம்புக்கு முன்னால் அவன் குறி தவறவிட்ட அம்புகளை யாரும் பாடவில்லை. அவை இல்லாமல் அந்த ஓர் அம்பு இல்லை. கண்ணாடி முன் நின்று "என்னால் முடியும்" என்று நூறு தடவை சொல்வதைத் தன்னம்பிக்கை என்று உனக்கு யாராவது சொல்லியிருந்தால் மறந்துவிடு. தொய்ந்த வலையைப் பார்த்து அழாமல், எங்கே தொய்ந்தது என்று குனிந்து அளக்கிறாயே, அந்தக் குனிவில் இருக்கிறது தன்னம்பிக்கை. உன் வேலையை நீயே தண்ணீரில் இறக்கி, எல்லார் கண்ணுக்கும் முன்னால் தவற விட்டு, மறுநாள் ஊசியோடு வந்து உட்கார்கிறாயே, அதன் பெயர் துணிச்சல். சிரித்த சித்தப்பாவிடம் வாதம் செய்யாதே. வாதத்தில் அவர் ஜெயித்துவிடுவார். கணக்கில் ஜெயிக்க முடியாது.

வழி திறந்துதான் இருக்கிறது. தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 2012 முதல் மீன்வளப் பல்கலைக்கழகமே இயங்குகிறது. மீன்வள அறிவியல் படிக்கலாம், மீன்வளப் பொறியியல் படிக்கலாம். விண்ணப்பத்தில் "கடலைப் பார்த்திருக்கிறாயா?" என்ற கேள்வி இல்லை.

அந்தப் பெண் இதைப் படிக்கிறாளா என்று எனக்குத் தெரியாது. படித்தால், தங்கச்சி, அடுத்த ஆண்டு விண்ணப்பத் தேதியை இன்றைக்கே நாட்காட்டியில் குறித்துவை. அதற்குள் ஒரு வலைத்துண்டு பின்னு. இரண்டடி போதும். சிறகு வை, வாய் வை, மடி வை. மேல்கயிற்றில் நான்கு காலி மாத்திரைக் குப்பி கட்டு, கீழ்க்கயிற்றில் நான்கு நட்டு கோத்துவிடு. ஓடையில் இறக்கி, வாய் எத்தனை விரற்கடை திறக்கிறது என்று அளந்து, தேதியோடு ஒரு நோட்டில் எழுது. முதல் நாள் வாய் திறக்காது. அதையும் எழுது.